அடுத்த செவ்வாய் வரைக்கும்

அன்பு மகனுக்கு,

வியாழக்கிழமை மாலை நீ பேசியபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை தொண்டு நிறுவன வேலையில் சேரப்போகிறாய், அறை கிடைத்துவிட்டது, கூடத் தங்கப்போகும் பையனும் நம் பக்கத்து ஆள்தான் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அதைச் சொன்னாய். பயிற்சிக்கு வருமுன் படித்துவிட்டு வரும்படி கொடுத்த தாள்களுக்கு நடுவே ஒரு சிறு புத்தகம் இருந்ததாம். "அம்மா, இது நீ எழுதனதுதானே? அட்டையில ஒரு தறி, ஒரு பொண்ணு, செகப்பா ஒரு துணி. உன் பேரு எங்கயும் இல்ல. ஆனா படிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாய். முதல் நாள் அந்தப் புத்தகத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் பேச நீயே பெயர் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாய். உன் குரலில் பெருமை இருந்தது. நான் சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மீதிக் கீரையை ஆய்ந்தேன், கழுவினேன், கடைந்தேன், சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் உப்புப் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆமாம், அது நான் எழுதியதுதான். பன்னிரண்டு பக்கம். அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அதில் இல்லாததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் உனக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிப்பது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை உன்னோடு அந்த அறையில் உட்காரப்போகிறவர்கள் கையிலும் அதே பன்னிரண்டு பக்கம் இருக்கும். அதனால் இதை யாரும் படிக்கலாம் என்று விட்டுவிடுகிறேன். எஸ்தர், ஜெனி என்பவை அவர்களுடைய உண்மைப் பெயர்கள் இல்லை.

ஒருவரின் பலத்தைப் பார்த்து எழுதும் முறையை நீ கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய், அதை நான் குறை சொல்ல உட்காரவில்லை. உன் அப்பா இறந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. களம்பூர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவர், மதியம் வேறொருவர் வண்டியில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு உதவி கேட்டு நான் போய் உட்கார்ந்த மேஜைகளில் எல்லாம் ஒரே மாதிரித் தாள்தான் இருந்தது. உனக்கு என்ன இல்லை, யார் இல்லை, எது முடியாது. எதிரே இருப்பவர் எழுதி முடிக்கும்வரை நாம் நம் இல்லாமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அழத் தெரிந்தவர்களுக்குக் காரியம் சீக்கிரம் நடந்தது. எனக்கு அழத் தெரியவில்லை. பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது, அந்தப் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் முதல் கேள்வி, இந்த வாரம் என்ன நன்றாகப் போனது? அடுத்தது, உங்களால் எதைச் செய்ய முடிகிறது? குறைகளுக்கு அதில் இடமே இல்லை. மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுந்தவள் என்பதால் எனக்கு அந்தப் படிவம் மிகவும் பிடித்தது. அதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நிறையப் படிக்கிற ஆளுக்கு ஒரு ஆபத்து உண்டு. படித்ததைக் கண்ணால் பார்த்ததாக நினைத்துக்கொள்வோம்.

எஸ்தர் வீட்டுக்கு நான் செவ்வாய்க்கிழமைகளில் போவேன். ஆரணியில் விசைத்தறி ஓடும் ஒரு தெருவின் கடைசியில் ஒற்றை அறை வீடு. அந்த அறையில் பாதி அவளுடைய குழித்தறி, தரையில் வெட்டிய குழிக்குள் கால் விட்டு மிதிப்பது. பட்டுச் சேலை நெய்வாள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, வந்தால் வந்ததுதான். மகள் ஜெனிக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்கு நடக்க வராது, பேச வராது, அவ்வப்போது வலிப்பு வரும். தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு, தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருப்பாள். பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு சிவப்புக் கரை ஜெனியின் இடுப்பிலிருந்து எஸ்தரின் இடுப்புக்கு வரும். எஸ்தர் கண் பாவு நூலில் இருக்கும், கால் மிதியில் இருக்கும். ஜெனி சாய்ந்தாலோ வலிப்பு வந்தாலோ அந்தக் கரை இழுக்கும். முதல் நாள் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்தர் இழை கொண்டு ஓடும் நாடாவை நிறுத்தாமலே சிரித்தாள்.

"என்னக்கா, மாடு கட்டின மாதிரி இருக்குதேன்னு பாக்கறீங்களா? இதுல யாரு மாடு, யாரு முளைன்னு எங்களுக்கே தெரியாது."

அன்று படிவத்தில் நான் இரண்டு பலங்களை எழுதினேன். ஒன்று, கையில் இருக்கும் பொருளைக் கொண்டே தானாகக் கண்டுபிடித்த பாதுகாப்பு ஏற்பாடு. இரண்டு, நகைச்சுவை உணர்வு.

நம் சபையில் சாட்சி சொல்வது எப்படி என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. உன்னோடு உட்காரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் யாரும் எழுந்து நின்று, தனக்கு வந்த கஷ்டத்தையும் கர்த்தர் அதிலிருந்து தூக்கிவிட்டதையும் சொல்லி, கடைசியில் ஸ்தோத்திரம் என்று முடிக்கலாம். அதற்கு எங்கும் எழுதிவைக்காத ஓர் ஒழுங்கு இருக்கிறது. கஷ்டம் முடிந்திருக்க வேண்டும். காய்ச்சல் இறங்கியிருக்க வேண்டும், மகன் வீடு திரும்பியிருக்க வேண்டும். நடுவில் நிற்கிற கஷ்டத்தோடு யாரும் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. முடியாத கஷ்டத்துக்கு வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி உண்டு. பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஆராதனை முடிவில் ஒருவர் அந்தச் சீட்டுகளை எடுத்து, வாசித்து, ஜெபிப்பார். சாட்சியை எழுந்து நின்று சொல்வோம், விண்ணப்பத்தை மடித்துப் போடுவோம். நானும் எஸ்தரும் சின்ன வயதிலிருந்தே அப்படி வளர்ந்தவர்கள்.

இந்த வாரம் என்ன நன்றாகப் போனது என்று நான் செவ்வாய்தோறும் கேட்டது, அவளுக்குச் சாட்சி சொல்லச் சொல்வது போலத்தான் இருந்திருக்கிறது. அவள் அப்படியே சொன்னாள். "போன வாரம் அடிவயிறு ஒரே இழுப்புக்கா. ரெண்டு நாள் தறியில குந்த முடியல. இப்ப பரவால்ல, கர்த்தர் பெலன் குடுத்தாரு." நானும் சபையில் கேட்பது போலவே கேட்டேன். முடிவில் இருக்கும் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டேன். விடாமுயற்சி, விசுவாசம், மனத்திடம். பிற்பாடு ஒரு நாள் அவளுடைய தாள்களை எல்லாம் வரிசையாக அடுக்கி வாசித்துப் பார்த்தேன். பதினொரு வாரங்களில் பதினொரு முறை அந்த வலி தீர்ந்திருந்தது.

அந்த ஆண்டு ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பகல்நேரக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினோம். காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து அழைத்துப்போகும், மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். எஸ்தர் தன் வாயால் கேட்ட ஒரே விஷயம் அதுதான். "பகல்ல மட்டும் யாராச்சும் பாத்துகினாங்கன்னா போதும்க்கா. சாயங்காலத்துல இருந்து நான் பாத்துக்குவேன். அவ பக்கத்துல இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது." மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று இடம் இருந்தது, எட்டுப் பேர் கேட்டிருந்தார்கள்.

இடங்களைப் பிரிக்கும் கூட்டம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. அதற்கு முந்தின ஞாயிறு சபையில் விண்ணப்பச் சீட்டு வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பெட்டியில் ஐந்தாறு சீட்டுகள். அதில் ஒன்று, பாவு சுற்றி வரும் அட்டையிலிருந்து கிழித்த துண்டு. "தூக்க முடியல. ஜெபிக்கவும். ஒரு சகோதரி." அந்தக் கையெழுத்தை நான் செவ்வாய்தோறும் படிவத்தின் அடியில் பார்க்கிறவள். சபையில் அவள் எனக்கு எதிரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஜெனியை மடியில் சாய்த்துக்கொண்டு. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சகோதரியின் பாரத்துக்காக ஜெபிப்போம் என்று பொதுவாகச் சொன்னேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அந்தத் துண்டை என் வேதாகமத்துக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பெயரில்லாமல் போட்ட சீட்டை எடுத்துப் பேசுவது முறையா என்று வழியில் ஒரு யோசனை. அவளே சொல்லாத பலவீனத்தை அவள் மேல் நான் ஒட்டக்கூடாது என்று படித்தது இன்னொரு யோசனை. படிவத்தை எடுத்தேன். இந்த வாரம் என்ன நன்றாகப் போனது? ஜெனி மூன்று வாய் இட்லி தானாக விழுங்கினாள் என்று சிரித்தாள். எழுதிக்கொண்டு வந்தேன்.

கூட்டத்தில் எங்கள் பொறுப்பாளர் எஸ்தரின் படிவத்தை வாய்விட்டுப் படித்தார். நல்ல மனிதர்தான். படித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்து, "எழுதினா இப்படி எழுதணும். மாதிரின்னு எல்லாருக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தம்மா பிரமாதமா சமாளிக்கிறாங்க மேடம், நீங்களே எழுதிருக்கீங்க. சமாளிக்க முடியாதவங்களுக்குத்தானே இடத்தைக் குடுக்கணும்?" என்றார். கேள்வி நியாயமானது. என்னுடைய பதினொரு தாள்களும் அவர் பக்கம்தான் இருந்தன. கைப்பைக்குள் வேதாகமம் இருந்தது, அதற்குள் அந்தத் துண்டு. நான் பேசியிருந்தால் நான் எழுதியதெல்லாம் பாதி உண்மை என்று ஆகியிருக்கும். பாராட்டி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் பேசவில்லை. மூன்று இடங்களும் வேறு மூவருக்குப் போயின. அந்த மூவருக்கும் அது தேவைதான். அவர்கள் வீட்டுக்குப் போன எங்கள் ஆட்கள் என் அளவுக்கு நன்றாக எழுதத் தெரியாதவர்கள்.

அடுத்த வாரம் குளியலறைப் படியில் எஸ்தர் ஜெனியைத் தூக்கியபடியே விழுந்தாள். ஜெனிக்குத் தொடை எலும்பு முறிந்தது. எஸ்தரைப் பரிசோதித்த மருத்துவர், கர்ப்பப்பை இறங்கி ஓராண்டுக்கு மேல் இருக்கும் என்றார். துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அவ்வளவு நாள் குழியில் உட்கார்ந்து மிதித்திருக்கிறாள், பதினான்கு வயதுப் பெண்ணைத் தூக்கியிருக்கிறாள். அறுவை சிகிச்சை செய்தார்கள். இனி எடை தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். பகலுக்கு மட்டும் கேட்ட இடம் அதன் பிறகு பயன்படாது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஓர் இல்லத்தில் ஜெனியைச் சேர்த்தோம். சேர்க்கும் தாளில் எஸ்தர் கையெழுத்துப் போட்டபோது நான்தான் பேனா கொடுத்தேன். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். இந்த ஒன்பது ஆண்டில் ஜெனி வளர்ந்துவிட்டாள்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் அச்சுப் பிரதி என் கைக்குத் திருத்தத்துக்கு வந்தது அவர்கள் விழுந்ததற்குப் பிறகு. எஸ்தரின் பலங்களை வைத்து அதை முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். அட்டைப் படத்தில் அந்தச் சிவப்புக் கரை ஜெனியின் இடுப்பிலிருந்து போய்த் தறிக் காலில் முடிவதாக வரைந்திருந்தார்கள். வரைந்தவருக்கு அதுதான் சுலபமாக இருந்திருக்கும். அதையும் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லையே என்று விட்டுவிட்டேன். எடுத்துப் பார், இப்போதும் அப்படித்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து அந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட நூலகத்துக்கு வந்தேன். எனக்கு உடம்பு முடியவில்லை என்று உன்னிடம் காரணம் சொன்னேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீயும் ஒரு தடவை சாட்சி சொல்லியிருக்கிறாய். அப்பா போன அடுத்த வருடம், உனக்கு ஏழு வயது. எழுந்து நின்று, "எங்கம்மாக்கு ஒத்தாசையா என் போர்வைய நானே தொவைக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாய். சபையே கை தட்டியது. போதகர் உன்னைத் தூக்கிக் காட்டினார். ஏழு வயதில் இவ்வளவு பொறுப்பா என்று வழியில் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள், நானும் பல வருடம் எல்லோரிடமும் சொன்னேன். உனக்குப் பத்து வயதானபோது வீடு மாறினோம். மெத்தையைத் திருப்பிப் போட்டபோது அடிப்பக்கம் முழுக்க வட்டம் வட்டமாகச் சிறுநீர்க் கறை. ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று வருடக் கறை. நீ கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மெத்தையைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு, இந்தப் பக்கத்தைப் பிடி, வண்டி நிற்கிறது என்றேன். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாததால் இல்லை. என் மகன் திடமானவன் என்பது எனக்குத் தேவைப்பட்டது. எஸ்தர் வீட்டில் நான் செய்ததை அதற்கு முன்பே நம் வீட்டில் செய்து பழகியிருந்தேன்.

திங்கட்கிழமை நீ பேசாதே என்று சொல்லமாட்டேன். பழைய தாளுக்குத் திரும்பிப் போ என்றும் சொல்லமாட்டேன். அந்தத் தாள் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதை வேனுக்குப் பதிலாகாது. ஒரு பெண்ணின் பலத்தை நீ எழுத எழுத, மற்றவர்கள் செய்ய வேண்டியது குறைந்துகொண்டே போகும். உன் மேஜையைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் அது வசதி, உனக்கும் வசதி. நன்றாகப் பேசுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறவர்கள், இவர்களிடம்தான் நீ அதிகம் ஏமாறுவாய். அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். நீ எதைக் கேட்கிறாயோ அதைச் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு பலத்துக்கும் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுது. இதை இன்னும் எத்தனை நாள் உங்களால் செய்ய முடியும்? எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால், பேனாவை மூடிவிட்டு நீயும் பேசாமல் உட்கார்.

நான் அதைக் கேட்க ஒன்பது ஆண்டு ஆயிற்று. இன்று காலை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். ஞாயிறுதோறும் சபையில் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம், வீட்டுக்கு மட்டும் நான் போனதில்லை. தறியை மேடையில் ஏற்றி வைத்திருக்கிறாள், குழியை மண் போட்டு மூடிவிட்டாள். நெய்துகொண்டுதான் இருந்தாள். நீ வேலைக்குப் போவது, புத்தகம், நீ பேசப்போவது எல்லாம் சொன்னேன். சீட்டைப் பற்றியும் சொன்னேன், அது இன்னும் என்னிடம் இருப்பதையும். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. "வாசிக்கறது நீங்கன்னு தெரிஞ்சிதானேக்கா போட்டேன்" என்றாள்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அப்போது, அந்தச் செவ்வாய்க்கிழமை, இன்னும் எத்தனை நாள் முடியும் என்று நான் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

யோசிக்கவே இல்லை. "அடுத்த செவ்வாய் வரைக்கும்னு சொல்லிருப்பேன்" என்றாள்.

நெய்யும்போது அவள் இடுப்பில் அந்தச் சிவப்புக் கரை இருந்தது. மறுமுனை எதிலும் கட்டவில்லை, சுருட்டி மடியில் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காதவற்றோடு அதுவும் இருக்கட்டும் என்று விட்டதாக நினைக்காதே. அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

புறப்படும்போது, இதை எல்லாம் மகனுக்கு எழுதப்போகிறேன், வேறு சிலரும் படிப்பார்கள், எழுதலாமா என்று கேட்டேன். நாடாவை நிறுத்தினாள்.

"எழுதுங்கக்கா. கடைசீல மட்டும் ஸ்தோத்திரம்னு போட்டுடாதீங்க."

போடவில்லை.

அம்மா